மாயக்காள் பேரில் வைத்த சங்கிலி

பஞ்சம்மாளின் கழுத்தைப் பார்த்து மாசம் சொல்லிவிடலாம் என்று பக்கத்து வீட்டுப் பவுனு கேலி செய்வாள். ஆனி மாசம் பெரியாற்றுத் தண்ணீர் வாய்க்காலுக்கு வந்து ஊர் நாற்றுப் பாவத் தொடங்கினால் அந்தக் கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும் கிடக்கும். தை அறுப்பு முடிந்து களம் ஒழிந்ததும் ரெட்டைவடச் சங்கிலி மறுபடி ஏறிக்கொள்ளும். நடுவில் உள்ள மாசமெல்லாம் அது கூட்டுறவுக் கடன் சங்கத்து இரும்புப் பெட்டிக்குள் இருக்கும். சங்கிலி கிடந்த இடத்தில் வெயில் படாத வெளிறிய கோடு ஒன்று கழுத்தைச் சுற்றித் தெரியும். அதைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு அவள் களையெடுக்கப் போவாள்.

ஓடைக்கரைப்பட்டியில் பாதிப் பெண்களுக்கு இதுதான் நடைமுறை. சங்கம் வருவதற்கு முன்னால் கம்பத்து வட்டிக்கடைக்குப் போன நகை போனதுதான். மகள் சடங்குக்குள் திருப்பிவிடலாம் என்று வைத்தது, அந்த மகள் பிள்ளை பெற்ற பிறகும் திரும்பாது. சங்கம் வந்தபின் வட்டி குறைந்தது, நகையும் பத்திரமாக இருந்தது. "எங்கடி காதுத் தோட்டக் காணம்?" என்று கேட்டால், "சொசைட்டியில கெடக்கு" என்பார்கள், தாய் வீட்டில் கொடுத்து வைத்த மாதிரி. நெல்லுக்கு உரம், பிள்ளைக்கு ஆஸ்பத்திரிச் செலவு, மாட்டுக்குப் புண்ணாக்கு எல்லாம் சங்கத்து ஓட்டுக் கட்டிடத்திலிருந்துதான் கிளம்பி வந்தன.

பஞ்சம்மாளின் புருசன் கர்ணன் கெட்டவன் இல்லை. குடிக்க மாட்டான், சீட்டு ஆட மாட்டான். அவனுக்குத் திராட்சைப் பைத்தியம். கூடலூர்ப் பக்கம் ஒரு துக்க வீட்டுக்குப் போனவன் வழியில் யாரோ போட்டிருந்த திராட்சைப் பந்தலைப் பார்த்துவிட்டு வந்தான். அன்றைக்குப் பிடித்தது. சங்கத்தில் கடன் வாங்கிக் கல்தூண் நட்டான், கம்பி இழுத்தான். முதல் காய்ப்பு நன்றாகத்தான் இருந்தது. அடுத்த காய்ப்பு பழுக்கிற நேரத்தில் அடைமழை பிடித்து, கொத்துக் கொத்தாக வெடித்து, பந்தலுக்கு அடியில் நடந்தால் கால் ஒட்டியது. கடன் தவணை தாண்டியது.

தவணை தாண்டியவன் வீட்டு நகை சங்கத்துக்குள் போனால் பழைய பாக்கி தீராமல் வெளியே வராது. அதற்கும் தெருவில் ஒரு வழி வைத்திருந்தார்கள். பாக்கி இல்லாத உறுப்பினர் யாராவது ஒருத்தர் பேரில் நகையை வைப்பது. இதற்குப் 'பேர் கொடுப்பது' என்று பெயர். உலக்கையை இரவல் கொடுக்கிற மாதிரிதான் அதுவும். பேர் கொடுத்தவருக்குக் காசு பணம் கிடையாது. தீபாவளிக்குக் கொஞ்சம் கறி, களையெடுப்புக்கு ஒரு நாள் கூடமாட வேலை, அவ்வளவுதான்.

பஞ்சம்மாளுக்குப் பேர் கொடுத்தவள் எதிர் வீட்டு மாயக்காள். புருசன் இல்லாதவள். ஓடையோரம் ஒரு துண்டுப் புஞ்சையும் புருசன் பேரிலிருந்து அவள் பேருக்கு மாறிய சங்கத்து உறுப்பினர் சீட்டும்தான் அவளுக்குச் சொத்து. ஒரே மகன் தங்கபாண்டி குமுளிக்கு மேலே ஏலத்தோட்டத்தில் கங்காணி. பொண்டாட்டியோடு அங்கேயே இருந்தான். மாசாமாசம் ஜீப் டிரைவரிடம் ஆத்தாளுக்குப் பணம் கொடுத்தனுப்புவான்.

ஆனி மாசம் மதினிமார் இரண்டு பேரும் ஒன்றாகச் சங்கத்துக்குப் போவார்கள். மாயக்காள் முந்தானையில் முடிந்திருக்கும் சங்கிலியை எடுத்து மேஜையில் வைப்பாள். நகையை உரசிப் பார்க்கிற ராக்கையா ஆசாரி அதைக் கையில் தூக்கிப் பார்ப்பார். கொக்கிப் பக்கத்தில் அறுந்துபோன ஒரு கண்ணிக்கு வேறு கண்ணி போட்டுப் பற்ற வைத்ததே அவர்தான். யார் வீட்டுக்காக வைத்தோம் என்பது அவருக்கு மறக்குமா.

"ஏன் மாயக்கா, போன தையில இது ஒங்க கழுத்துலயா கெடந்துச்சு?"

"நகைய உரசச் சொன்னா ஆள உரசுறீகளே ஆசாரி."

செகரட்டரி சுயம்புலிங்கம் போடியிலிருந்து வந்து இந்த ஊரிலேயே தலை நரைத்தவர். "யாரு நகை மாயக்கா?" என்று கேட்பார். கேட்க வேண்டியது அவர் வேலை.

"என்னதுதாங்கய்யா. வேற யாருது?"

அவர் கண்ணாடிக்கு மேலாகப் பஞ்சம்மாளின் கழுத்தை ஒரு பார்வை பார்ப்பார். வெளிறிய கோடு அங்கேயே இருக்கும். "சரி, பெருவிரல நீட்டு" என்பார். தெரிந்ததையெல்லாம் எழுதினால் சங்கத்தைப் பூட்டிக்கொண்டு போக வேண்டியதுதான் என்று அவருக்குத் தெரியும்.

ரசீதைப் பஞ்சம்மாள்தான் வைத்திருக்க வேண்டும். முதல் வருசம் வைத்திருந்தாள். கர்ணன் அதை எடுத்துக்கொண்டு போய் மருந்துக் கடையில் ஈடாகக் கொடுத்துத் திராட்சைக்கு மருந்து வாங்கி அடித்துவிட்டான். ஆட்டை விற்றுத்தான் ரசீதை மீட்டாள். அதற்குப் பிறகு ரசீது மாயக்காள் வீட்டு உளுந்துப் பானைக்குப் போனது.

"எங்கிட்டயே கெடக்கட்டும் மதினி. அண்ணன் கண்ணுல பட்டா ரசீதும் பந்தல்ல ஏறிரும்" என்றாள் மாயக்காள். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

எழுபத்தெட்டாம் வருசம் பஞ்சம்மாளின் மகள் ராமுத்தாய்க்குக் கூடலூரில் மாப்பிள்ளை பேசினார்கள். போன தையில் பெண்ணுக்குப் பூப்போட்டு நிச்சயம் பண்ண வந்த மாப்பிள்ளையின் ஆத்தாள் பஞ்சம்மாளின் கழுத்திலிருந்த சங்கிலியை விரலால் நிமிண்டிப் பார்த்துவிட்டு, "இது பிள்ளைக்குத்தான?" என்று கேட்டிருந்தாள். "இது அவளுக்குத்தான் மதினி. வேற எங்கிட்ட என்ன இருக்கு" என்று பஞ்சம்மாளும் சொல்லியிருந்தாள். வருகிற மாசியில் கல்யாணம். அதற்குள் சங்கிலியைத் திருப்ப வேண்டும். அதிசயமாக அந்த வருசம் திராட்சை ஏமாற்றவில்லை. திருப்புகிற பணம் கர்ணன் கைக்கு வந்துவிட்டது. பொங்கல் கழியட்டும் என்று இருந்தார்கள்.

மார்கழிக் கடைசியில் ஒரு மத்தியானம் மாயக்காள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். உத்தமபாளையம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டி பூட்டுவதற்குள் போய்விட்டாள்.

பொழுது சாயும் நேரம் பெண்கள் அவளைக் குளிப்பாட்ட உள்ளே போனார்கள். பஞ்சம்மாள் தலைமாட்டில் உட்கார்ந்து அழுதாள். பொய்யான அழுகை இல்லை. எத்தனையோ வருசம் உப்பும் புளியும் மாற்றிக்கொண்ட மதினி. ஆனால் அந்த அழுகைக்கு நடுவில் உளுந்துப் பானை நினைவுக்கு வந்துவிட்டது. அவளுக்கே அருவருப்பாக இருந்தது. பானை கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது.

பவுனுக்கும் அதே நினைப்புதான். அவள் பஞ்சம்மாளின் காதருகே குனிந்தாள். "மதினி, ரசீது அங்கன இருக்கு. வெரல் இங்கன இருக்கு. எங்க வீட்டுல மசி டப்பா கெடக்கு, கொண்டாரட்டா?"

பஞ்சம்மாளுக்கு முதலில் விளங்கவில்லை.

"ரசீதுக்குப் பின்னாடி ஒரு உருட்டு உருட்டுனா போதும், கொண்டுபோறவக கையில நகையக் குடுத்துருவாக. போன வாரமே வெரல் வச்சுக் குடுத்துச்சுன்னு சொல்லிக்கிரலாம். யாரு கேக்கப் போறா?" என்றாள் பவுனு. "ஒம் மக கல்யாணம்டி. யோசிச்சுப் பாரு."

பஞ்சம்மாள் மாயக்காளின் வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்தாள். புஞ்சை மண் நகக்கண்ணில் இருந்தது. ஈரத்துணியால் அந்தப் பெருவிரலைத் துடைத்தாள், மண் போகிற வரைக்கும் துடைத்தாள். பிறகு இரண்டு கைப் பெருவிரலையும் சேர்த்துக் கட்டச் சொல்லித் துணிக் கிழிசலைப் பவுனுவிடம் நீட்டினாள்.

"கூறுகெட்டவ" என்றாள் பவுனு. அழுதுகொண்டேதான் கட்டினாள்.

ரசீதையாவது எடுத்திருக்கலாம். பொணத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பானைக்குள் கை விட அவளால் முடியவில்லை. தங்கபாண்டி வந்ததும் சொன்னால் கொடுத்துவிடப் போகிறான் என்று நினைத்துக்கொண்டாள்.

தங்கபாண்டி மறுநாள் காலை முதல் ஜீப்பில் பொண்டாட்டி செல்வமணியோடு வந்து இறங்கினான். காரியமெல்லாம் முடிந்தபின் பானை சட்டிகளைத் துடைத்துக் கவிழ்க்கும்போது செல்வமணியின் கையில் ரசீது அகப்பட்டது. அவன் அதைப் படித்துவிட்டு வாசலுக்கு வந்தான். தெருவே பார்க்க நின்று அழுதான்.

"பாத்தீகளா. நான் அனுப்புன காசு எதையும் எங்காத்தா திங்கல. கஞ்சியக் குடிச்சுக்கிட்டு சங்கிலி செஞ்சு வச்சுருக்கு. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல."

தெருப் பெண்கள் பஞ்சம்மாளைப் பார்த்தார்கள். பஞ்சம்மாள் தன் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அந்த நேரத்தில் போய், அது என் சங்கிலி என்று எப்படிச் சொல்வது? அவள் வாயைத் திறந்தாள். அவன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு விம்மினான். அவள் வீட்டுக்குள் போய்விட்டாள்.

மறுநாள் காலை சங்கம் திறக்கும் முன்பே செகரட்டரியின் முன்னால் போய் நின்றாள். அவர் அவளை உட்காரச் சொன்னார். அதுவே அவளுக்குப் பயமாக இருந்தது.

"ஏ பஞ்சம்மா, எனக்குத் தெரியாதா அது ஓன் சங்கிலின்னு? ஆசாரிக்குத் தெரியாதா? ஆனா சொசைட்டிக்குத் தெரியாது."

"நீங்க சொன்னா சொசைட்டி சொன்ன மாதிரித்தான்யா."

"பிரசிடெண்டு இருந்த காலம்னா ஒரு பேச்சுப் பேசிப் பாக்கலாம். இப்ப கவருமெண்டு வச்ச ஸ்பெஷல் ஆபீசர். வாரத்துக்கு ஒருநாள் வந்து கையெழுத்துப் போட்டுட்டுப் போறாரு, அவருக்கு ஓன் கழுத்தும் தெரியாது, மாயக்கா கழுத்தும் தெரியாது." அவர் குரலைத் தாழ்த்தினார். "நீ எழுதிக் குடுத்தேன்னு வையி, எதுக்கு அவ பேர்ல வச்சேன்னு மொத கேள்வி வரும். கர்ணன் பாக்கி வெளிய வரும். சங்கிலிய அந்தப் பாக்கிக்குப் பிடிச்சுக்கிருவாக. தங்கபாண்டிக்கும் இல்ல, ஒனக்கும் இல்ல."

"அப்ப நான் என்னத்தச் செய்ய?"

"தங்கபாண்டி கையில காலுல விழு. அவனே திருப்பி ஒங்கிட்டக் குடுத்தா எவனும் கேக்க மாட்டான்."

அவள் வீட்டுக்கு வரும்போது வாசலில் பெண்கள் கூடியிருந்தார்கள். சங்கத்துக்குப் போய்வந்த சேதி அவளுக்கு முன்னால் தெருவுக்கு வந்திருந்தது. எல்லாருக்கும் அவள்மேல் பரிதாபம்தான். ஒருத்தி வடித்த சோறு கூடக் கொண்டு வந்திருந்தாள். ஆனால் அவர்கள் வந்தது அதற்காக இல்லை.

"எழுதிக் கிழுதிக் குடுத்துட்டியா?" என்று கேட்டாள் அம்மாவாசி பொண்டாட்டி அன்னத்தாய்.

"இல்ல."

"குடுத்துராத ஆத்தா. ஒண்ணக் கெளப்புனா ஆபீசர் வந்து எல்லாத்தையும் கொட்டிப் பாப்பாக. எங் காசுமாலை எங் கொழுந்தியா பேர்ல கெடக்கு. பவுனு தோடு யாரு பேர்ல கெடக்குன்னு அவளுக்கே மறந்து போச்சு."

"மறக்கல" என்றாள் பவுனு. "நீ வாயத் தொறந்தா தெருவே மாட்டும் மதினி. அன்னைக்கு நான் சொன்னப்பவே கேட்டிருக்கணும்."

பஞ்சம்மாள் சோற்றுச் சட்டியை வாங்கி உள்ளே வைத்தாள்.

தங்கபாண்டி மலைக்குத் திரும்பிப் போகிற அன்றைக்குக் காலையில் எதிர் வீட்டுக்குப் போனாள். அவன் புஞ்சைக் குத்தகை பேசிவிட்டு வந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தான். "வாங்கத்தே" என்று எழுந்து நின்றான். மரியாதை தெரிந்த பிள்ளைதான். அவள் சுற்றி வளைக்காமல் சொன்னாள். பேர் கொடுத்தது, ரசீது பானைக்கு வந்தது, கொக்கிப் பக்கத்து மாற்றுக் கண்ணி, எல்லாம் சொன்னாள்.

அவன் காப்பி டம்ளரைக் கீழே வைத்தான். "அப்ப நான் அனுப்புன காசு எங்கன போச்சு அத்தே?"

இதைத்தான் அவன் கேட்பான் என்று அவளுக்குத் தெரியும். பதிலும் தெரியும். சொல்லக் கூடாது என்று மாயக்காள் கேட்டுக்கொண்டதும் நினைவிருந்தது.

"ஒங்கப்பா சொசைட்டியில மாட்டுக்கடன் வாங்கினாக. மாடு மட்டும் வரல. காசு எங்கன போச்சுன்னு ஒங்காத்தாளுக்குத் தெரியும், எங்கிட்டச் சொல்லல. அந்தப் பாக்கிய அடைச்சாத்தான் சீட்டு தன் பேருக்கு வரும்னு நீ அனுப்புனத அதுக்குத்தான் கட்டுச்சு. ரொம்ப வருசம் கட்டுச்சு மருமகனே. அது தீந்த பெறகு வந்தது அது வயித்துப்பாட்டுக்கே சரியாப் போச்சு."

செல்வமணி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"செத்துப்போன மனுசனத் திருடனாக்குறீக" என்றான் தங்கபாண்டி. சத்தம் போடவில்லை. "எங்காத்தா ஒண்ணும் சேக்கலைங்கிறீக. ஒரு சங்கிலிக்காக ரெண்டு பேரையும் இந்த வீட்ட விட்டு வெளிய தள்ளுறீகளே அத்தே."

"அத்தே சொல்றது நெசமாவும் இருக்கலாம்ல" என்றாள் செல்வமணி மெதுவாக.

"நெசம்னா சொசைட்டிக்கு வந்து சொல்லட்டும். ஆபீசர் முன்னாடி எழுதிக் குடுங்கத்தே, இது எஞ் சங்கிலின்னு. நான் அந்த நிமிசமே கைய எடுத்துக்கிறேன். எங்காத்தா மேல சத்தியம்."

நியாயமான பேச்சு. அதற்கு மேல் அவனிடம் எதைக் கேட்பது? எதிர்த்தாற்போல் பவுனு வாசலைக் கூட்டுகிற சாக்கில் கூட்டின இடத்தையே கூட்டிக்கொண்டிருந்தாள். பஞ்சம்மாள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு எழுந்தாள். "காப்பி குடிச்சுட்டுப் போங்கத்தே" என்று செல்வமணி சொன்னது காதில் விழுந்தது.

வாரிசுச் சான்று வாங்கித்தான் தங்கபாண்டி நகையைத் திருப்ப முடியும். தாலுகா ஆபீசுக்கு நடந்து நடந்து அது மாசக்கணக்கில் இழுத்தது. இதற்கிடையில் மாசி வந்தது. கூடலூரிலிருந்து மாப்பிள்ளையின் ஆத்தாள் வந்து உட்கார்ந்து வெற்றிலை போட்டாள். சங்கிலி எங்கே என்று கேட்டாள்.

"சொசைட்டியில கெடக்கு."

"கெடக்கட்டும். யாரு பேர்ல கெடக்கு?"

அந்த அம்மாளுக்கு விசயம் வந்து சேர்ந்துவிட்டது என்று தெரிந்தது. பஞ்சம்மாள் தட்டிலிருந்த பாக்கை ஒதுக்கிக்கொண்டிருந்தாள். வைகாசியில் அந்த மாப்பிள்ளைக்குச் சின்னமனூரில் பெண் எடுத்தார்கள். திருப்புவதற்கு வைத்திருந்த பணத்துக்குக் கர்ணன் புதுக் கம்பி வாங்கிப் போட்டிருந்தான். "சும்மா கெடந்த காசுதான" என்றான். அவள் அவனோடு சண்டை போடவில்லை. அதற்கும் ஒரு தெம்பு வேண்டும்.

ஆவணியில் சான்று கைக்கு வந்தது. தங்கபாண்டி கடனைக் கட்டிவிட்டுச் சங்கத்து வாசலிலேயே வைத்துச் சங்கிலியைச் செல்வமணி கழுத்தில் போட்டான். ராக்கையா ஆசாரி அன்றைக்கு வயிற்று வலி என்று வேலைக்கு வரவில்லை. ஜீப் ஏறுவதற்கு முன்னால் தங்கபாண்டி எதிர் வீட்டுக்கு வந்தான்.

"அத்தே, மனசுல ஒண்ணும் வச்சுக்கிராதீக. ராமுத்தாயி சும்மாதான இருக்கு. தோட்டத்துக்கு அனுப்புங்க, நான் பாத்துக்கிறேன். நல்ல கூலி."

அவன் சொன்னபடி பார்த்துக்கொண்டான். ராமுத்தாய் மலையேறி ஏலக்காய் எடுத்தாள். மாசாமாசம் ஜீப்பில் பணம் வந்தது. பஞ்சம்மாள் அதைப் பிரிக்காமல் கொண்டுபோய்க் கர்ணன் பாக்கிக்குக் கட்டினாள். மாயக்காளும் இப்படித்தான் கட்டியிருப்பாள் என்று அவளுக்கு ஒவ்வொரு தடவையும் தோன்றும். ஒரு சித்திரைத் திருவிழாவுக்கு வந்தபோது ராமுத்தாய் சொன்னாள்:

"ஆத்தா, அந்தச் சங்கிலி செல்வமணியக்காவுக்குக் கொக்கிப் பக்கம் குத்துதாம். துணி சுத்தித்தான் போடுறாக."

"அது எனக்கும் குத்தும்" என்றாள் பஞ்சம்மாள்.

ராமுத்தாய்க்குப் பிறகு மலையிலேயே, தோட்டத்து லாரியில் மூட்டை ஏற்றுகிறவனோடு கல்யாணம் நடந்தது. கழுத்தில் கயிறு மட்டும்தான். பாக்கி தீர்ந்த வருசம் கர்ணனுக்கு மூட்டு பிடித்துக்கொண்டது, பந்தல் ஏற முடியவில்லை. நிலத்தையும் சங்கத்துச் சீட்டையும் பஞ்சம்மாள் பேருக்கு மாற்றிக் கொடுத்தான்.

அடுத்த ஆனியில் பவுனு வந்தாள். முந்தானையில் முடிச்சு இருந்தது. அவளுடைய தோட்டுக்குப் பேர் கொடுத்துவந்த கிழவருக்கும் இப்போது பாக்கி ஏறியிருந்தது.

"மதினி, ஓம் பேரு சுத்தமா இருக்குல்ல. வர்ற தை வரைக்குந்தான்."

பஞ்சம்மாள் முறத்திலிருந்து தலை நிமிரவில்லை. "அது வரைக்கும் நான் உசுரோட இருக்கணும்ல?"

"இருப்ப, இருப்ப. ஒன்ன எமன் கொண்டுபோயி என்ன செய்யப் போறான்."

இரண்டு பேரும் சங்கத்துக்கு நடந்தார்கள். சுயம்புலிங்கம் மாற்றலாகிப் போய்விட்டார், அவர் இடத்தில் புதுசாக ஒரு சின்ன வயசுக்காரர் இருந்தார். அவரும் அதையேதான் கேட்டார்.

"யாரு நகைம்மா இது?"

பஞ்சம்மாள் பவுனுவின் காதைப் பார்த்தாள். துவாரம் தூர்ந்துவிடாமல் இருக்க வேப்பங்குச்சி செருகியிருந்தது.

"என்னதுதாங்க" என்றாள். பெருவிரலை நீட்டினாள்.

வெளியே வந்ததும் ரசீதைப் பவுனுவின் கையில் வைத்து அழுத்தினாள். பவுனு பின்வாங்கினாள். "எங்கிட்ட வேணாம் மதினி. ஓம் பானையிலயே கெடக்கட்டும். எங்க வீட்டு ஆளு கண்ணுல பட்டா அம்புட்டுத்தான், தெரியும்ல."

"தெரியும். அவரு எடுத்தா எங்கன வச்சீகன்னு கேக்கலாம். நான் போயிட்டா யாரக் கேப்ப?" என்றாள் பஞ்சம்மாள். "நீயே வச்சுக்க."

சொல்லிவிட்டு வாய்க்கால் பக்கம் நடந்தாள். விரலில் மசி காயவில்லை. சேலையில் படாமல் அந்தக் கையைத் தள்ளிப் பிடித்துக்கொண்டே போனாள்.